வெயில் காய்ந்த காட்டேரி

நான் வாரத்தில் இரண்டு நாள் கணக்கு எழுதப் போகும் ஆபீஸில் ஒரு நண்பர் இருக்கிறார். தங்கமான மனுஷர். நெற்றியில் விபூதி, பாக்கெட்டில் ரெண்டு பேனா, டிபன் பாக்ஸில் வருஷம் பூராவும் எலுமிச்சை சாதம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் என்னை லிஃப்ட் பக்கத்தில் ஓரங்கட்டினார். கைக்குட்டையை அவிழ்த்து, உள்ளே இருந்த பென்டிரைவைக் கடத்தல் தங்கம் மாதிரி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"தனியா பாருங்க ஸார்."

"என்னது இது?"

"பேய்ப் படம்."

"பேய்ப் படத்தைத் தனியாப் பார்த்தா பயமா இருக்காதா ஸார்?"

"இது அந்த மாதிரிப் பேய் இல்லை ஸார்... இது வேற மாதிரிப் பேய்!"

லிஃப்ட் கதவு மூடும் கடைசி விநாடியில் ஒரு கண்ணைச் சிமிட்டினார். விபூதி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேளை கூடி வந்தது. மனைவியும் பெண்ணும் ஒரு சீமந்தத்துக்குக் கிளம்பினார்கள். எனக்கு மட்டும் சரியாகப் பத்து மணிக்குத் தலைவலி வந்துவிட்டது. "ரசம் அடுப்பு மேல இருக்கு, அப்பளம் டப்பாவில இருக்கு" என்று சொல்லிவிட்டு மனைவி என்னை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தாள். கல்யாணமானவர்களுக்கு அந்த ஒரு விநாடியின் கனம் தெரியும். போய்விட்டாள். ஜன்னலைச் சாத்தினேன். திரையை இழுத்தேன். பென்டிரைவைச் சொருகினேன்.

வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. வேண்டாம், சாய்ந்தே உட்காருங்கள். நானும் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். இருபது நிமிஷத்தில் கழுத்து வலிதான் மிச்சம்!

படத்தின் பெயர் 'வாம்பைரோஸ் லெஸ்போஸ்'. 1970 கோடையில் எடுத்து, 1971 ஜூலையில் ஜெர்மனியில் வெளியிட்டிருக்கிறார்கள். டைரக்டர் ஸ்பெயின்காரர், ஜெஸ் ஃப்ராங்கோ. 1930-ல் மாட்ரிட் நகரில் பிறந்து, 2013-ல் எண்பத்து மூணு வயசை எட்டப் போகும் சமயத்தில் காலமானவர். மொத்தம் எத்தனை படம் எடுத்தார் என்று கேட்டால் ரசிகர்களுக்குள்ளேயே அடிதடி. 160 என்பார்கள், 200 என்பார்கள். ஒரே படத்தை இந்த தேசத்துக்கு ஒரு மாதிரி, அந்த தேசத்துக்கு ஒரு மாதிரி வெட்டி ஒட்டி, வேறு வேறு பெயரில் ரிலீஸ் செய்தால் யார்தான் எண்ணுவது? நம்ம மளிகைக் கடை பாக்கி நோட்டு மாதிரி, கடைக்காரர் கணக்கு ஒன்று, வீட்டுக் கணக்கு ஒன்று.

பேரைப் பார்த்தீர்களா? ஃப்ராங்கோ. அப்போது ஸ்பெயினை ஆண்டுகொண்டிருந்த சர்வாதிகாரி பேரும் ஃப்ராங்கோதான்! 1939-லிருந்து 1975-ல் சாகும் வரைக்கும் அவர் பிடி தளரவில்லை. சென்ஸார் என்றால் அப்படியொரு சென்ஸார். ஒரு ஃப்ராங்கோ வெட்டுவார், இன்னொரு ஃப்ராங்கோ எடுப்பார். எடுக்கிற ஃப்ராங்கோவுக்கு அலுத்துப் போய் ஜெர்மனி, பிரான்ஸ் என்று வெளிநாட்டுப் பணத்தைத் தேடிக் கிளம்பிவிட்டார். ஆசாமி சாதாரணப்பட்டவர் இல்லை. ஜாஸ் சங்கீதம் தெரிந்தவர். ஆர்ஸன் வெல்ஸ் என்ற மகா பெரிய டைரக்டரிடம் 'சைம்ஸ் அட் மிட்நைட்' படத்தில் இரண்டாவது யூனிட்டைப் பார்த்துக்கொண்டவர். அப்படிப்பட்டவர் ஏன் இப்படிப்பட்ட படம் எடுத்தார் என்ற கேள்வியோடுதான் நானும் உட்கார்ந்திருந்தேன். (வேறு எதற்கு உட்கார்ந்தேன் என்று நினைத்தீர்கள்?)

கதையைக் கேளுங்கள். ஹீரோயின் லிண்டா, இஸ்தான்புல்லில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். ராத்திரியில் கனவு. கனவில் ஒரு கறுத்த முடிக்காரி வந்து "வா, வா" என்கிறாள். டாக்டரிடம் போய்ச் சொல்கிறாள். அவர் குறிப்பெடுக்கிற பாவனையில் நோட்டில் பொம்மை கிறுக்கிக்கொண்டிருக்கிறார்! (இந்த ஒரு காட்சிக்காகவே ஃப்ராங்கோவுக்கு ஒரு மாலை போடலாம். நம்மில் எத்தனை பேர் டாக்டர் எழுதுவதை எட்டிப் பார்க்கத் துடித்திருக்கிறோம்!) பிறகு ஆபீஸ் வேலையாக லிண்டாவை ஒரு தீவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு சீமாட்டிக்குச் சொத்து வந்திருக்கிறது. பத்திரங்களைச் சரி பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். போய்ப் பார்த்தால் அந்தச் சீமாட்டி, கனவில் வந்த அதே கறுத்த முடிக்காரி. பேர் நாடீன். சொத்தை எழுதி வைத்தவர் யார் தெரியுமோ? ஹங்கேரி தேசத்து டிராகுலா பிரபு!

அதாவது இது சாட்சாத் டிராகுலா கதை. பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய நாவலில் ஜோனத்தன் ஹார்க்கர் என்ற வக்கீல் பையன் சொத்துப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு டிராகுலா கோட்டைக்குப் போவானே, அவனுக்குப் புடவை கட்டிவிட்டார் ஃப்ராங்கோ. டிராகுலாவுக்கும் கட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு புடவையையும் அவிழ்த்தும் விட்டார். கதை அவ்வளவுதான். உலகத்தில் ஆபீஸ் டூர் போய் அவஸ்தைப்பட்ட முதல் குமாஸ்தா ஹார்க்கர் என்றால் இரண்டாவது ஆள் லிண்டா. பேட்டா கொடுத்தார்களா என்பது பற்றிப் படத்தில் தகவல் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை உட்கார வைத்தது. காட்டேரி என்றால் என்ன எதிர்பார்ப்போம்? அமாவாசை, இடி மின்னல், ஒட்டடை, சவப்பெட்டி. இங்கே ஒன்றும் கிடையாது. பட்டப்பகல். கடற்கரை. வெள்ளை வெளேரென்று ஒரு வீடு. சீமாட்டி வெயில் காய்கிறாள்! கறுப்புக் கண்ணாடி வேறு. கழுத்தில் நீளமாக ஒரு சிவப்புத் துணி. நீச்சல் குளத்தில் மல்லாந்து மிதக்கிறாள்.

'காட்டேரி வெயிலில் சாம்பலாகிப் போகாதோ?' என்று தோன்றியது. இதில்தான் ஒரு வேடிக்கை. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலேயே லண்டன் தெருவில் நடந்து போவான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டால் காட்டேரி காலி என்ற சட்டத்தைக் கொண்டு வந்தது சினிமா. 1922-ல் வந்த 'நாஸ்ஃபரட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தில்தான் விடியல் வெளிச்சத்தில் காட்டேரி மறைந்து போகும். அன்றைக்குப் பிடித்து எல்லா டைரக்டர்களும் ராத்திரியில் லைட் போட்டுக் காசைக் கரியாக்கினார்கள். ஃப்ராங்கோ மறுபடி பழைய சட்டத்துக்கே போனார். புஸ்தகத்தின் மேல் பக்தியா, லைட் வாடகை மிச்சமா என்று கேட்டால், நான் பி.காம். படித்தவன். லைட் வாடகை என்றுதான் சொல்வேன்.

பி.காம். என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. இந்தப் படத்தை ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் பாடமாகவே நடத்தலாம். உதாரணத்துக்கு:

காமிராவை நகர்த்த வேண்டுமென்றால் தண்டவாளம் போட வேண்டும், டிராலி வேண்டும், தள்ளுவதற்கு ஆள் வேண்டும், தள்ளுகிற ஆளுக்கு டீ வேண்டும். ஃப்ராங்கோ என்ன செய்தார்? ஜூம் லென்ஸ் வாங்கிக்கொண்டார். நின்ற இடத்திலிருந்தே திருகினால் கிட்டே போகும், திருகினால் எட்ட வரும். படம் முழுக்கத் திருகித் தள்ளியிருக்கிறார். சில சமயம் கிட்டே போன வேகத்தில் எல்லாம் மங்கிப் போய், நமக்குத்தான் கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று சந்தேகம் வருகிறது.

வசனத்தை அங்கேயே பதிவு செய்தால் செலவு. பின்னால் டப்பிங் கொடுத்தால் ஜெர்மன்காரனுக்கு ஜெர்மன், ஸ்பெயின்காரனுக்கு ஸ்பானிஷ். வாயசைவு பற்றிக் கவலை வேண்டாம். பாதி நேரம் பாத்திரங்கள் வாயே திறப்பதில்லை.

ஹோட்டலில் வேலை பார்க்கும் பைத்தியக்கார வில்லனாக ஒருவர் வருகிறாரே, யார் என்று பார்த்தேன். ஜெஸ் ஃப்ராங்கோவேதான்! அந்தச் சம்பளமும் மிச்சம்.

பிரமாதமான யோசனை இனிமேல்தான். ஒரு படத்துக்கு ஆட்களைக் கூட்டினால் ஒரு படத்தோடு ஏன் அனுப்ப வேண்டும்? 1970-ல் இதே நடிகைகள், இதே பின்னணி இசைக்காரர்களை வைத்து அடுத்தடுத்து 'ஷீ கில்ட் இன் எக்ஸ்டஸி', 'தி டெவில் கேம் ஃப்ரம் அகாசவா' என்று இன்னும் இரண்டு படம் எடுத்துவிட்டார். ஒரு குக்கர், மூன்று தட்டு. அடியில் பருப்பு, நடுவில் சாதம், மேலே காய். மாமியார் மெச்சும் சிக்கனம்!

செலவு சரி, சரக்கு எப்படி என்று கேட்பீர்கள். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். படம் நத்தை. லிண்டா நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். நடுநடுவே ஒரு தேள் வருகிறது. ஒரு சிவப்புப் பட்டம் பறக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் ரத்தம் சொட்டு சொட்டாக இறங்குகிறது. கதை நகராத போதெல்லாம் தேளைக் கூப்பிட்டுவிடுகிறார். என் நண்பர் கண்ணைச் சிமிட்டிய சமாசாரங்களும் இருக்கின்றன, இல்லையென்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் அவையும் தூக்கத்தில் நடக்கிற மாதிரி, தண்ணிக்கடியில் நடக்கிற மாதிரித்தான் நடக்கின்றன. தூக்கம் வராமல் காப்பாற்றியது இசை. ஆர்கனும் சிதாரும் ஊதுகுழலும் கலந்து, பேய்ப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கூத்தடிக்கிற இசை. மான்ஃப்ரெட் ஹ்யூப்ளர், ஸீக்ஃப்ரீட் ஷ்வாப் என்று இரண்டு பேர்.

ஒரு நடிகரைப் பார்த்ததும் மட்டும் நெஞ்சு சுருக்கென்றது. டாக்டராக வரும் டென்னிஸ் ப்ரைஸ். 1949-ல் 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்' என்ற இங்கிலீஷ் படத்தில், ஒரு பட்டத்துக்காகச் சொந்தக்காரர்களைப் பரமசாதுவாகப் போட்டுத் தள்ளும் ஹீரோ அவர். என்ன மிடுக்கு, என்ன உச்சரிப்பு! 1967-ல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். அப்புறம் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். இந்தப் படத்தில், 'என்னையும் காட்டேரியாக்கு' என்று சீமாட்டியிடம் கெஞ்சும் வேஷம். மலிவுப் படங்களின் பட்ஜெட்டில் இப்படி ஒரு தலைப்பு எப்போதும் உண்டு: வாழ்ந்து கெட்ட ஆள், ஒன்று.

மணி ஒன்றாகியிருக்கும். படத்தில் சீமாட்டி சோபாவில் படுத்துக்கொண்டு தன் பழங்கதையைச் சொல்கிறாள். ரொம்பக் காலத்துக்கு முன்னால் கலவரத்தில் ஒரு சிப்பாய் கையில் சிக்கினாளாம். டிராகுலா வந்து காப்பாற்றினானாம். காப்பாற்றியவனே கடித்தும் விட்டானாம். அன்றிலிருந்து ஆம்பிளை என்றாலே வெறுப்பு. இத்தனை பெண்களை மயக்கினேன், இப்போது லிண்டாவிடம் நானே மயங்கிவிட்டேன் என்கிறாள். காமிரா அவள் முகத்துக்கு வெகு பக்கத்தில். இந்த ஒரு தடவை ஃப்ராங்கோ திருகாமல் சும்மா இருக்கிறார்.

வாசலில் சாவி திரும்பும் சத்தம்.

நிறுத்துவதற்கு எந்தப் பொத்தான் என்று கை தடுமாறியது. படம் அப்படியே நின்றது. நல்லவேளை, முகம் மட்டும்தான்.

"தலைவலி எப்படி இருக்கு?" என்றாள் மனைவி. தாம்பூலப் பையைக் கீழே வைத்தாள். திரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"டிராகுலா படம்" என்றேன். பொய் இல்லை.

நான் அர்ச்சனைக்குத் தயாரானேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?"

"காட்டேரி."

"அது தெரியுது. கண்ணப் பாருங்க... யாரையோ ரயிலேத்தி விட்டுட்டு ஸ்டேஷன்லயே நிக்கற மாதிரி இருக்கு. பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்றரை மணி நேரப் படத்தில் பாதிக்கு மேல் பார்த்தும், நான் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. மனைவி பார்த்தது பத்து விநாடி.

* * *

அன்று ராத்திரி அந்தப் பெண் யாரென்று தேடினேன். டைட்டிலில் ஸுஸான் கோர்டா என்று போட்டிருந்தது. அப்படி ஒருத்தி கிடையாது! டைரக்டர் இடத்தில் ஃப்ராங்கோ மனேரா என்று இருந்தது. அதுவும் நம்ம ஆள்தான். ஸ்பெயினில் அப்பா குலப்பெயரோடு அம்மா குலப்பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், இவர் ஜெஸ்ஸை மட்டும் கழற்றிவிட்டார். மறைந்துகொள்ள ஊருக்கொரு பேர் வைத்திருந்தவர் ஃப்ராங்கோ. செத்துப் போன ஜாஸ் வித்வான் கிளிஃபர்ட் பிரௌன் பேரில் கூடப் படம் எடுத்திருக்கிறார்.

பெண்ணின் பேர் ஸோலிடாட் மிராண்டா. அதுவும் மேடைப் பேர்தான். 1943-ல் ஸெவில் நகரில் பிறந்தபோது ஸோலிடாட் ரெண்டான் புவேனோ. சின்ன வயசிலேயே ஃப்ளெமெங்கோ ஆட மேடை ஏறிவிட்டாள். 1960-லிருந்து சினிமா. பாட்டு ரெக்கார்டும் போட்டாள். கிடைத்த வேஷமெல்லாம் சில்லறை. 1966-ல் ஒரு படம், அதில் கண்ணுக்கே தெரியாத ஒரு டைனோஸர் வந்து எல்லோரையும் கொல்லும். (கண்ணுக்குத் தெரிந்தால் செலவு அல்லவா!) ஒன்றுமில்லாத வெட்டவெளியைப் பார்த்து இவள் அலற வேண்டும். அலறினாள். நடுவில் ஒரு ரேஸ் கார் ஓட்டும் போர்ச்சுகல்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை பெற்று, சினிமாவை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கினாள்.

அப்புறம்தான் ஃப்ராங்கோ கூப்பிட்டார். 1970-ல் வந்த அவருடைய 'கவுண்ட் டிராகுலா' படத்தில் கிறிஸ்டோஃபர் லீ டிராகுலா, இவள் லூஸி. அதற்கப்புறம் சில மாதங்களுக்குள் வரிசையாகப் படங்கள். உடுப்பைக் களைந்து நடிக்க வேண்டிய வேஷங்கள். அந்தக் காலத்து ஸ்பெயினில் ஒரு கல்யாணமான பெண் சொந்தப் பேரில் அப்படி நடித்துவிட்டு ஊருக்குள் தலை காட்ட முடியுமா? அதனால்தான் ஸுஸான் கோர்டா என்ற முகமூடி. ஸ்பெயினில் ஓட்டுவதற்கென்று இந்தப் படத்தையே உடுப்போடு ஒரு மாதிரி தனியாகத் தயார் செய்தார்கள். பத்து வருஷமாக முட்டி மோதிய ஒருத்திக்கு முதல் தடவையாக ஒரு படம் முழுக்கத் தன் தோளில் தாங்கும் வேஷம் கிடைக்கிறது, அதில் தன் பேரைப் போட முடியவில்லை.

இந்த இடத்தில் எனக்கு என் கதை ஞாபகம் வந்தது. முதல் வேலையில் ஒரு ரிப்போர்ட். மூன்று வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து நான் போட்ட கணக்கு. மீட்டிங்கில் அது வேறொருவர் பேரில் வந்தது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன். ஆபீஸில் வேலை பார்க்கிற யாருக்கும் இந்த டீயின் ருசி தெரிந்திருக்கும். ஆனால் எனக்கு அடுத்த மாசம் சம்பளம் வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. இன்றைக்கு இந்தப் பக்கத்தில் என் பேர் போட்டு எழுதுகிறேன். எனக்குக் காலம் இருந்தது.

ஸோலிடாடுக்கு இல்லை. 1970 ஆகஸ்ட் மாசம் ஜெர்மன் தயாரிப்பாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு லிஸ்பனில் அவள் வீட்டுக்குப் போனதாக ஃப்ராங்கோ பின்னால் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம், வருஷத்துக்குக் குறைந்தது இரண்டு பெரிய படம், நீதான் ஹீரோயின் என்று பேச்சு. மறுநாள் பத்திரம் தயாராகிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். ஆகஸ்ட் 18. போர்ச்சுகலில், எஸ்டோரிலுக்கும் லிஸ்பனுக்கும் நடுவே கடலோரச் சாலையில் கார் விபத்து. கணவர் பிழைத்துக்கொண்டார். அவள் போய்விட்டாள். வயசு 27.

'வாம்பைரோஸ் லெஸ்போஸ்' வெளியாக அப்போது இன்னும் பதினோரு மாசம் இருந்தது. முடிந்த படத்தை அவள் பார்க்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான். அதே தேள், அதே பட்டம், அதே நத்தை நடை. ஆனால் என்னால் சிரிக்க முடியவில்லை. 1971-ல் அந்த ஜெர்மன் தியேட்டர்களில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள் என்ன பார்த்தார்கள், யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷம் முன்னால் செத்துப் போன ஒரு பெண் பட்டப்பகலில், நல்ல வெயிலில், கடற்கரையில் நடந்து வருகிறாள். கதைக்காகக் காட்டேரி வேஷம் போட்டவள். லைட் வாடகையை மிச்சம் பிடிக்கப் போய், இடியும் மின்னலும் போட்டு யாரும் செய்ய முடியாத ஒன்றை ஃப்ராங்கோ செய்துவிட்டார். அவர் நினைத்துச் செய்தது இல்லை. நினைத்திருந்தால் ஒரு தேளைக் கூப்பிட்டுக் கெடுத்திருப்பார்.

படம் முடிகிற இடத்தில் சீமாட்டி சாகக் கிடக்கிறாள். கொஞ்சம் ரத்தம் கொடு, பிழைத்துக்கொள்வேன் என்று லிண்டாவைக் கேட்கிறாள். லிண்டா கொடுப்பதில்லை, கொன்றுவிடுகிறாள். முதல் தடவை 'அப்பாடா, முடிந்தது' என்று பெருமூச்சு விட்டேன். இரண்டாம் தடவை 'கொடுத்துத் தொலையேண்டி' என்று வாய் முணுமுணுத்தது.

எங்கள் காலேஜில் கணக்கியல் வாத்தியார் 'குட்வில்' பற்றி ஒரு விதி சொல்லிக் கொடுப்பார். நல்ல பேர் என்பது சொத்துதான். ஆனால் ஒரு கம்பெனி தானாகச் சம்பாதித்த நல்ல பேரைத் தன் பேரேட்டில் சொத்தாக ஏற்றக் கூடாது. வேறொருவன் காசு கொடுத்து வாங்கினால்தான் அதற்குக் கணக்கில் இடம். அது வரைக்கும் மதிப்பு பூஜ்யம். அன்றைக்கு அது எனக்கு அநியாயமாகப் பட்டது. இந்தப் படத்தின் பேரேட்டில் லென்ஸ் இருந்திருக்கும், பிலிம் ரோல் இருந்திருக்கும், ஹோட்டல் பில் இருந்திருக்கும். அந்தக் கண் இரண்டும் எந்தத் தலைப்பிலும் இருந்திருக்காது.

கணக்கில் ஏறக் கால் நூற்றாண்டு ஆனது. 1995-ல் இந்த மூன்று படங்களின் இசையைத் திரட்டி ஒரு ஆல்பம் போட்டார்கள். இங்கிலாந்தில் இளவட்டங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1997-ல் க்வென்டின் டாரன்டினோ அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் 'ஜாக்கி பிரௌன்' படத்தில் போட்டுக்கொண்டார். பாட்டைக் கேட்டவர்கள் படத்தைத் தேடினார்கள், படத்தைப் பார்த்தவர்கள் 'யார் இந்தப் பெண்?' என்று கேட்டார்கள். முகமூடி கழன்றது. இன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஸுஸான் கோர்டா என்று எழுதுவதில்லை. ஸோலிடாட் மிராண்டா என்றுதான் எழுதுகிறார்கள்.

ஃப்ராங்கோ அப்புறமும் நாற்பது வருஷத்துக்கு மேல் நிற்காமல் எடுத்துத் தள்ளினார். லீனா ரோமே என்ற நடிகையைக் கண்டுபிடித்தார். ஸோலிடாடின் சாயல் அவளிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். 1973-ல் லீனாவை வைத்து மறுபடி ஒரு காட்டேரிச் சீமாட்டி கதை எடுத்தார். வயது முதிர்ந்தபின் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். 2009-ல் ஸ்பெயின் சினிமாக்காரர்கள் 'கோயா' என்ற தங்கள் பெரிய விருதை, வாழ்நாள் சாதனைக்கென்று, இந்த மனுஷருக்குக் கொடுத்தார்கள். அந்த இருநூறு படத்தில் முக்கால்வாசி குப்பை என்று சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கும் பெரிய ஆட்சேபணை இல்லை. ஆனால் குப்பையைக் கொட்டும் முன்னால் ஒரு தடவை கிளறிப் பார்ப்பது நல்ல பழக்கம். எங்கள் வீட்டில் ஒரு தடவை மூக்குத்தி கிடைத்திருக்கிறது.

* * *

திங்கட்கிழமை பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எப்படி ஸார்?" என்று நண்பர் பழையபடி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"அந்தப் பொண்ணு பேரு ஸோலிடாட் மிராண்டா" என்றேன். ஸ்பானிஷ் பாஷையில் ஸோலிடாட் என்றால் தனிமை என்று அர்த்தம் என்றேன். சாலை விபத்தைச் சொன்னேன், மறுநாள் பத்திரத்தைச் சொன்னேன், பதினோரு மாசத்தைச் சொன்னேன்.

அவர் சிமிட்டிய கண்ணை மெதுவாகத் திறந்தார். டிபன் பாக்ஸை மூடினார்.

"27-ஆ ஸார்? என் தங்கச்சி வயசு" என்றார். அப்புறம், யாரும் கேட்கவில்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நான் முழுசாப் பார்க்கலை ஸார். ஓட்டி ஓட்டித்தான் பார்த்தேன். கதை என்னன்னே தெரியாது" என்றார்.

"கதை ஒண்ணும் பெரிசா இல்லை ஸார்."

"பரவாயில்லை" என்று பென்டிரைவை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை கைக்குட்டையில் சுற்றவில்லை.